பதிவாகாத 1998 பாகப் பத்திரம்: அம்மாவின் பங்கை மறுக்க முடியுமா?

வேடசந்தூர் பக்கம் தாத்தாவுக்கு அவர் அப்பா வழியில் வந்த 2 ஏக்கர் 40 சென்ட் நிலம். அம்மாவுக்கு 1984இல் கல்யாணம். தாத்தா 2001இல் உயில் எழுதாமல் இறந்தார். மறு வருடமே மாமாக்கள் இருவரும் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது விற்க ஆள் பார்க்கிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதிலாக வந்தது 1998 தேதியிட்ட 20 ரூபாய் பத்திரத்தின் நகல். தாத்தா, மாமாக்கள் கையெழுத்து இருக்கிறது, அம்மாவுடையது இல்லை. ஒரு இடத்தில் சென்ட் கணக்கை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். 1975 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், பாகப்பிரிவினை எதுவும் பதிவாகவில்லை. பட்டாவுக்கு ஆட்சேபணை கொடுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இலவச சட்ட உதவி மையத்தில் இரண்டு முறை சமரசத்துக்குக் கூப்பிட்டும் மாமாக்கள் வரவில்லை. வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் இருக்கிறது. அதை பாலித்தீன் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார், பாவம்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமான அம்மாவுக்குப் பொருந்தாது என்பது தெரியும். நான் நம்புவது மகன்களுக்குச் சமமாக மகள்களுக்கும் பங்கு தந்த 2005 மத்திய அரசுத் திருத்தத்தையும், அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் அது பொருந்தும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பையும்தான். 20.12.2004க்கு முன் நடந்த பாகத்தை அந்தத் திருத்தம் தொடாது, ஆனால் அதற்குப் பதிவுப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ வேண்டும், அப்புறம் வாய்மொழிப் பாகம் என்றால் அரசு ஆவணங்களின் ஆதாரம் வேண்டும் என்கிறார்கள்.

சிவில் வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்கள்: 2002இல் மாறிய அந்தப் பட்டாவை அப்படிப்பட்ட ஆதாரமாக கோர்ட் ஏற்குமா?