ஆரிகன் டிரெயில், ஆற்றோரம் டென்ட்: கெர்ன்சி பக்கம் போனவர்கள் யாராவது உண்டா?

ஊர்சுற்றி_டென்வர்:
வணக்கம். ஜூலை மூன்றாவது வாரம் மூன்று நாள் லீவு. நான், மனைவி, 11 வயதுப் பெண், 7 வயதுப் பையன். பெரியவள் பள்ளியில் ஆரிகன் டிரெயில் (பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டுவண்டிப் பாதை) பாடம் படித்ததிலிருந்து அந்த வண்டித்தடத்தில் நடந்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை 3,500 கிலோமீட்டர் நடக்க நம்மால் ஆகாது, ஏதோ ஒரு துண்டு கிடைத்தால் போதும். வயோமிங்கில் கெர்ன்சி என்ற ஊர் டென்வரிலிருந்து மூன்று மணி நேரம்தான், நார்த் பிளாட் ஆறும் அங்கேயே ஓடுகிறது. ஸ்டேட் பார்க் ஏரிக்கரையில் டென்ட் போட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டு, தடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே அந்த வழிப்போக்கர்கள் பெயர் வெட்டிய இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற பெரிய பாறை வரை போய் வரலாம் என்று நினைக்கிறேன். சரிப்படுமா?

வண்டிக்காரன்:
ஜூலை நடுவில் போனால் ஏரியே இருக்காது நண்பரே, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெர்ன்சி அணையை வருடா வருடம் ஜூலையில் திறந்து தண்ணீரை இறக்கிவிடுவார்கள். அடியில் கிடக்கும் வண்டல் கலங்கிப் பாசனக் கால்வாய்களுக்குப் போய், சாணி மெழுகியது போல அடியிலும் கரையிலும் படிந்து, நீர்க்கசிவைக் குறைக்கும். விவசாயிக்கு நல்ல காரியம். ஆனால் இது தெரியாமல் போன நாங்கள் இரண்டு நாள் சேற்றைப் பார்த்தபடி மேகி தின்றோம். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், பார்க்குக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். முடிந்தால் ஜூனுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால் ஊருக்குள்ளேயே நகராட்சிப் பூங்காவில் ஆற்றை ஒட்டி டென்ட் போட இடம் இருக்கிறது. ஒரே தொல்லை, ராத்திரி நிலக்கரி ரயில் கூவிக்கொண்டே போகும்.

தடம் ஊருக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டியதும் வந்துவிடும், அரை மைல்கூட இருக்காது. சமவெளியில் முன்வண்டியின் தூசியைத் தின்ன வேண்டாமே என்று வண்டிகள் பரந்து பக்கம் பக்கமாகப் போனதால் அங்கெல்லாம் தடம் மேலோட்டமாகத்தான் இருக்கும். இங்கே ஆற்றோரம் போக வழியில்லாமல் எல்லா வண்டியும் ஒரே மேட்டில் ஏற வேண்டியிருந்தது, பாறையும் மணற்கல். இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் மாட்டுக் குளம்பும் தேய்த்துத் தேய்த்து சில இடங்களில் 5 அடி ஆழம். என் பையன் உள்ளே நின்றபோது எனக்கு அவன் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. கல்லைக் கையால் தடவிப் பாருங்கள், திண்ணை ஓரம் மாதிரி வழவழவென்று இருக்கும்.

கற்பகம்:
இண்டிபெண்டன்ஸ் ராக் வேண்டாம் தம்பி. கெர்ன்சியிலிருந்து போகவே இரண்டரை மணி நேரம், வரவும் அவ்வளவு, பிள்ளைகள் காரிலேயே சுருண்டுவிடும். அதற்குப் பதில் பக்கத்திலேயே ரெஜிஸ்டர் கிளிஃப் இருக்கிறது, வழிப்போக்கர்கள் பெயரும் வருடமும் வெட்டி வைத்த பாறை. பின்னால் வந்தவர்கள் பலர் தங்கள் பெயரையும் கிறுக்கிக் கெடுத்திருக்கிறார்கள், ஆகவே 1850-ஐ ஒட்டிய வருடங்களைத் தேடுவதே பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. மேலே அண்ணாந்தால் தகைவிலான் குருவிகளின் மண்கூடுகள். இன்னொரு நாள் அந்தப் பாதையில் இருந்த பழைய கோட்டை ஃபோர்ட் லாரமி, 13 மைல்தான், நுழைவுக் கட்டணமும் இல்லை.

உங்கள் பெண் நடக்கணும் என்பதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் நடந்துதான் போனார்கள். வண்டி முழுக்க மாவும் உப்புக்கண்டமும் ஏற்றிவிட்டு, எருதுகளோடு நாளைக்குப் பதினைந்து மைல் அளவில். வழியில் அதிகம் பேரைக் கொன்றது காலராதான், சினிமாவில் வருகிற அம்பு இல்லை.

நாடோடி77:
கற்பகம் அக்கா சொன்னதோடு ஒன்று. முன்னோடி முன்னோடி என்கிறோம், அது ஆளில்லாத காடு இல்லை. லகோட்டா, செயென், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1851-ல் ஃபோர்ட் லாரமி பெயரில் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது அமெரிக்க அரசு, அப்புறம் அதை மீறியதும் அதே அரசு. பாடப்புத்தகம் வண்டியோடு நின்றுவிட்டால் கோட்டைக்குப் போகும்போது பெண்ணிடம் இதையும் சொல்லுங்கள்.

மற்றபடி மதியம் நடக்காதீர்கள், நிழல் கிடையாது. பாறை இடுக்கில் கை விடக்கூடாது, கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. டென்ட் ஆணியை நீளமானதாக வாங்குங்கள். எங்கள் டென்ட் காற்றில் பிடுங்கிக்கொண்டு பக்கத்து ஆளின் அடுப்பு மேல் போய் உட்கார்ந்தது, பாவம், அவர் அப்போதுதான் முட்டை உடைத்து ஊற்றியிருந்தார்.

ஊர்சுற்றி_டென்வர்:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி ஜூன் இரண்டாவது வாரத்துக்கு மாற்றிவிட்டேன், ராக் திட்டமும் கேன்சல். பாம்பு விஷயத்தை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.