அம்மா மெல்போர்ன் வருகிறார், பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்: எதை விடுவார்கள்?

மேலூர்க்காரி:
வணக்கம். அம்மா அடுத்த மாதம் முதல்முறையாக மெல்போர்ன் வருகிறார். துவரம்பருப்பு, சீரகம், மல்லி, காய்ந்த மிளகாய், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, மோர் கடையும் மத்து என்று ஒரு பெட்டியே தயார், வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டு மாமா வேறு, "என்னென்ன கொண்டுவர்றீங்கன்னு கேட்டு பிளேனில் தர்ற கார்டில் எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போடுங்க, 'ஆமா'ன்னா பிடிச்சு உட்கார வெச்சிருவாங்க" என்று பாடம் எடுத்திருக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எதை எடுக்கச் சொல்வது? வீட்டில் மாடு இருக்கிறது, பால் கறப்பதும் அம்மாதான், அதையுமா சொல்ல வேண்டும்?

பிரிஸ்பேன் சித்தப்பா:
முதலில் அந்த மாமாவின் பாடத்தை நிறுத்துங்கம்மா. 'ஆம்' போட்டால் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார், கூடாததை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான், சொன்ன பொருளுக்கு அபராதம் கிடையாது. 'இல்லை' போட்டுவிட்டு எக்ஸ்ரேயிலோ மோப்ப நாயிடமோ மாட்டினால்தான் வில்லங்கம். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், விசாவையும் ரத்து செய்யலாம். 2019 அக்டோபரில் வியட்நாமிலிருந்து சிட்னி வந்த ஒரு பெண்மணி, பன்றி இறைச்சியைச் சொல்லாமல் கொண்டுவந்ததற்காக விசா ரத்தாகி வந்த வழியே திரும்பினார்.

வேளாண்மை மாணவன்:
அக்கா, பருப்பு, சீரகம், மல்லி, மிளகாய் நாலையும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்து பயணிகள் பெட்டியிலும் தபாலிலும் இவற்றுக்குத் தடை. அரிசி, கொண்டைக்கடலை, உளுந்து, நிலக்கடலை, சோம்பு எல்லாம் அதே பட்டியல்தான். எல்லாம் காப்ரா என்ற தானிய வண்டு படுத்தும் பாடு. அது நம் பக்கத்துப் பூச்சிதான், வளர்ந்த வண்டே 3 மி.மீ. தாண்டாது. ஆனால் அதன் ரோமப் புழு சாக்குத் தையலிலும் பெட்டி இடுக்கிலும் புகுந்துகொண்டு, தின்ன ஒன்றுமே இல்லாவிட்டாலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2020இல் இறக்குமதியான ஃப்ரிட்ஜிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது என்றால் பாருங்கள். கோதுமை ஏற்றுமதி செய்யும் நாட்டில் இது நிலைத்துவிட்டால் வாங்குகிறவர்கள் சரக்கை இறக்கவே விடமாட்டார்கள். 20 ஆண்டுகளில் 1,550 கோடி டாலர் நட்டம் வரும் என்பது ஆஸ்திரேலிய அரசுத் தரப்பின் மதிப்பீடு.

கறிவேப்பிலைக்குக் காரணம் வேறு. அது எலுமிச்சைக் குடும்பம். இலையின் அடியில் இருக்கும் சைலிட் என்ற சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும், ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இன்னும் இல்லை. பச்சை இலைக்கு வாய்ப்பே இல்லை.

சிட்னி யாழ்ப்பாணத்தான்:
தங்கச்சி, எங்கள் அம்மாவும் செத்தல் மிளகாயோடுதான் வந்து இறங்கினார். 'ஆம்' போட்டிருந்ததால் ஒரு கரைச்சலும் இல்லை, அந்த அதிகாரிப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "ஏன், அந்தப் பிள்ளை வீட்டை கொண்டுபோய்ச் சமைக்காதோ?" என்று கார் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலூர்க்காரி:
சரி, பருப்பும் மிளகாயும் போச்சு. மத்து? மாடு?

பிரிஸ்பேன் சித்தப்பா:
மத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்காவது பட்டை ஒட்டியிருந்தாலோ, ஊசி குத்தியது போல ஓட்டையும் அதிலிருந்து மாவு உதிர்வதும் தெரிந்தாலோ வேண்டாம். சுத்தமாக இருந்தால் கொண்டுவரலாம், மரச்சாமான் என்று கார்டில் சொல்லியாக வேண்டும்.

மாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகள் பக்கமோ போனீர்களா என்று கார்டிலேயே ஒரு கேள்வி உண்டு. கோமாரி நோய் இங்கே 1872க்குப் பிறகு வந்ததே இல்லை, நம் ஊரிலோ அது சாதாரணம். தொழுவத்துக்குப் போகும் செருப்பு ஊரிலேயே இருக்கட்டும், போட்டுவரும் செருப்பின் அடியில் மண்ணோ சாணமோ இல்லாமல் பிரஷ் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பாலிலும் அந்த நோய்க்கிருமி வரலாம் என்பதால் பால்கோவாவும் வேண்டாம்.

ஆங்கிலம் தெரியாது என்றீர்களே, உணவு, மரச்சாமான், மாடு மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி ஊரில் பிரிண்ட் எடுத்தால் போதும். தின்பண்டம் எல்லாம் ஒரே பையில் இருந்தால் திறந்து காட்ட வசதி.

மேலூர்க்காரி:
நன்றி சித்தப்பா, எல்லாருக்கும். போனில் பேசிவிட்டேன். பருப்புக்குச் சம்மதம், கறிவேப்பிலைக்குத்தான் பஞ்சாயத்து. இங்கே நர்சரியில் செடியே வாங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வேளாண்மை மாணவன்:
தொட்டியிலேயே வையுங்கள் அக்கா, மெல்போர்ன் பனி அதற்கு ஆகாது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.