30 நாள் வீட்டுச் சைவச் சமையல்: துவரம்பருப்பு குழையவே மாட்டேங்குது, உதவுங்க

வணக்கம். 30 நாளும் மூணு வேளையும் வீட்டுச் சைவச் சாப்பாடுதான் என்பது சவால். சாம்பாரில்தான் இடிக்குது.

ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மூணு டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், அரை ஸ்பூன் நல்லெண்ணெய், குக்கரில் 5 விசில். திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் பருப்பு முழுசு முழுசாக. விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக மாவு தட்டுது. புளி, தக்காளி எதுவும் முன்னாடி சேர்ப்பதில்லை. புளிப்பு பட்டால் பருப்பு விறைச்சுக்கும்.

போர் தண்ணீரில் உள்ள கால்சியம்தான் குழையவிடாமல் பிடிக்குதுன்னு சந்தேகம். கேன் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதுமா, வேகவைக்கவும் அதேதான் வேணுமா? பழைய பருப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆப்பசோடா மட்டும் வேண்டாம், ருசியைக் கெடுத்துடும்.