காசிரங்கா: வெள்ளக் காலத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் என்ன தப்பு?

பைக்பாண்டி:
ஜூலையில் ஆபீஸ் வேலையாகக் குவாஹாட்டி போகிறேன். அப்படியே காசிரங்கா தேசியப் பூங்காவையும் பார்க்கலாம் என்று விசாரித்தால் மழைக்காலம் முழுக்க ஜீப் சவாரி கிடையாதாம். சரி, உள்ளே விட வேண்டாம். வெள்ளம் வந்தால் மிருகங்களே நெடுஞ்சாலைக்கு ஏறி வருமே, ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

புல்வெளி:
அதுகளுக்குத்தான் நஷ்டம். பிரம்மபுத்திரா பொங்கினால் தப்பிக்க இருக்கும் மேடு தெற்கே கார்பி ஆங்லாங் மலை, நடுவில் குறுக்கே இந்த ரோடு. ஒரு வெள்ளத்தில் பஸ்ஸில் போனபோது பார்த்தேன், வயிறு வரை சேறு அப்பிய ஒரு பன்றிமான் ரோட்டோரம் நிற்கிறது, எதிரே ரெண்டு கார், நாலு போன். மூன்று தடவை காலை எடுத்து வைத்துப் பின்வாங்கிவிட்டு, கடைசியில், தான் ஏறி வந்த தண்ணீருக்குள்ளேயே திரும்ப இறங்கிவிட்டது.

பைக்பாண்டி:
அதே ரோட்டில் ராத்திரியெல்லாம் லாரி ஓடுகிறதே, அதைக் கேட்க ஆள் இல்லை, என் ஒரு பைக்தான் கண்ணை உறுத்துகிறதா?

புல்வெளி:
லாரிக்கும் கடிவாளம் உண்டு தம்பி. வெள்ளக் காலத்தில் நுழைகிற இடத்தில் நேரம் போட்டுச் சீட்டு கொடுப்பார்கள், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டி மறுமுனைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அபராதம். லாரி போனதும் இடைவெளி கிடைக்கும். நீங்கள் நின்றால் பின்னால் வருகிறவனும் என்னமோ ஏதோ என்று நிற்பான், அப்புறம் எங்கே இடைவெளி?

தேயிலைக்காரன்:
ரொம்பப் பயமுறுத்தாதீங்க சார். வருஷா வருஷம் வெள்ளம் வந்தும் 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகம் இருந்தது. வெள்ளம்தான் பீல் என்கிற அங்கத்திய ஏரிகளில் மண்டிய ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போகிறது, மீனைக் கொண்டுவருகிறது. டூரிஸ்ட் சீசன் கூத்துதான் மோசம்: 2025 ஜனவரியில் பூங்காவின் பகோரி பகுதியில் காண்டாமிருகத்துக்கு எதிரே ஜீப்பிலிருந்து தாயும் மகளும் விழுந்த வீடியோ பார்த்தீர்களா? அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை, மாசக்கணக்கில் வருமானம் இல்லாமல் உட்காரும் ஜீப்காரரைப் பற்றியும்தான்.

புல்வெளி:
வெள்ளம் கெடுதல் என்று நான் எங்கே சொன்னேன்? மலைக்கு வழி திறந்திருக்கும் வரைக்கும்தான் அது நல்லது. ஜீப் கூட்டம் பற்றி நீங்கள் சொல்வது சரி.

பைக்பாண்டி:
சரி, பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கிறேன், லீவு கிடைத்தால். ஆனால் லாரி விஷயத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன், எல்லாம் ஒழுங்காக நடந்தால் மேம்பாலச் சாலை கட்ட ஏன் திட்டம் போடுகிறார்கள்?

தேயிலைக்காரன்:
பிப்ரவரி நல்ல முடிவு. யானைப்புல்லை எரித்திருப்பார்கள், தூரத்தில் நிற்பதும் தெரியும். முன்சீட்டில் உட்காருங்கள், பின்சீட்டில் தூக்கிப்போடும்.