பெற்றோர் உரிமையை எடுக்கும் வழக்கு: இரண்டு கலைச்சொற்கள் தேவை

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கக் குடும்பச் சட்டப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1981-இன் லாசிட்டர் வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வட கரோலினாவில், சிறையிலிருந்த தாயை அழைத்துவந்து, வக்கீல் இல்லாமலே விசாரித்து, மகன்மீது அவருக்கிருந்த உரிமையை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஏழைப் பெற்றோருக்கு வக்கீல் தருவது எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை, அந்தந்த வழக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 5–4 எனத் தீர்ப்பளித்தது. ‘பெற்றோருரிமைத் துண்டிப்பு’, ‘அரசு வழக்கறிஞர்’ சரிவருமா?
– செ.

*

‘அரசு வழக்கறிஞர்’ வேண்டவே வேண்டாம். உரிமையை எடுக்கச் சொல்லி மனுப் போட்டதே அரசுத் துறை. அதற்காக வாதாடுபவரைத்தான் நம்மூரில் அப்படிச் சொல்வோம். ‘நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞர்’ நீளம்தான், ஆனால் புரியும். துண்டிப்பும் உதவாது. மின்சாரத்தைத் துண்டித்தால் பணம் கட்டியதும் திரும்ப வந்துவிடும். இங்கே பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமைகூட மிஞ்சாது.
– ந.

*

‘பெற்றோருரிமை அறவு’ என்க. அறு என்னும் வேர் இருக்க வேறெதற்கு? வக்கீல் அரபுச் சொல், உள்ளே விடாதீர்கள். அமர் என்றால் போர். அமருக்கு ஆள் தருவதால் ‘அமர்த்துநர்’ என்றே அந்த வழக்கறிஞரைச் சொல்லலாம்.
– தி.

*

ஐயா, அமர்த்துநர் என்றால் அமர்த்துகிற நீதிபதியல்லவா? ‘அறவு’ என்று எழுதினால் அச்சகத்தில் ‘உறவு’ என்று திருத்திவிடுவார்கள், பொருள் தலைகீழாகிவிடும். அதுவும் தன்வினை, உரிமை தானாக அற்றுப்போனது போலிருக்கிறது. செய்வது நீதிமன்றம், பிறவினைதான் பொருந்தும். நீங்கு, நீக்கு: ஆகவே நீக்கம்.
– ந.

*

பாண்டியன் அவையில் கண்ணகிக்கு யார் வக்கீல் வைத்தார்கள்?
– மு.

*

அவள் வென்றாள், லாசிட்டர் தோற்றார். அதை விடுங்கள். செ. கவனிக்க: குற்றவழக்கில் ஏழைக்கு வக்கீல் தர வேண்டும் என்ற 1963-இன் கிடியன் தீர்ப்பு தந்தது அரசமைப்பு உரிமை. பெற்றோருரிமை வழக்கிலோ அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் வக்கீல் தருகின்றன, இன்று வட கரோலினாவும்தான். இரண்டுக்கும் ‘உரிமை’ என்று மட்டும் போட்டால் மாணவர் குழம்புவார். ‘அரசமைப்புரிமை’, ‘சட்டவழி உரிமை’ என்று பிரித்து எழுதுங்கள்.
– வ.

*

சரி, நேரமில்லை. ‘பெற்றோருரிமை நீக்கம்’, ‘நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞர்’ என்றே அனுப்புகிறேன்.
– செ.

*

எனக்கு அறவே உடன்பாடில்லை. பதிவில் இருக்கட்டும்.
– தி.