ராக்கெட் ஏவுதளச் சுற்றாடல் அறிக்கையை எங்கையிருந்து வாசிக்கத் தொடங்கிறது?

வல்லிபுரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வடமராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில உயர்தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறன். இந்தத் தவணை பிள்ளையளுக்கு ஒரு வேலை குடுத்து இப்ப நானே மாட்டுப்பட்டுப் போய் நிக்கிறன்.

டெக்சாஸில பொக்கா சிக்கா எண்டொரு கடற்கரை. அங்கை ஸ்பேஸ்எக்ஸ் கொம்பனி ஸ்டார்ஷிப் ராக்கெட் விடுறதுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், எஃப்.ஏ.ஏ., 2022 ஜூனில ஒரு சுற்றாடல் மதிப்பீட்டை முடிச்சு வெளியிட்டது. அந்த அறிக்கையை அப்பிடியே தூக்கி எங்கட பக்கத்து மணற்காட்டுக் கரையில வைச்சுப் பாப்பம் எண்டதுதான் என்ர யோசனை. கற்பனைதான், ஒருத்தரும் பதறாதேங்கோ, மணற்காட்டுக்கு ஒரு ராக்கெட்டும் வரேல்லை. ஆனா ரெண்டு இடமும் கனக்க ஒத்துப்போகுது: மணல் மேடு, சனம் குறைவு, கிழக்கால திறந்த கடல், முட்டையிட வாற ஆமை, குளிர்காலத்துக்கு வாற பறவையள். வகுப்பைக் கொம்பனி, திணைக்களம், ஊராக்கள் எண்டு மூண்டாப் பிரிச்சு ஒரு பகிரங்க விசாரணை மாதிரி நடத்தினன்.

அந்த அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. ஏவுறதுக்கும் சோதனைக்குமாகக் கடற்கரையையும் றோட்டையும் வருஷத்துக்கு 500 மணித்தியாலம் வரை மூடலாம். விபத்து ஏதும் நடந்தா அதுக்குப் பிறகான வேலையளுக்கு மேலதிகமா 300. கொம்பனிப் பக்கம் நிண்ட பெடியன் எழும்பி 500ஐ 24ஆல பிரிச்சு, “21 நாள்தானே, 365இல இதென்ன பெரிய விசயம்” எண்டான். ஊராக்கள் பக்கம் வாயடைச்சுப் போச்சு. எனக்கும் கணக்குச் சரி போலத்தான் கிடந்தது.

அடுத்த நாள் ஊராக்கள் பக்கத்துப் பிள்ளை ஒண்டு கொப்பியில கிழிச்ச ஒற்றையோட வந்தாள். தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, வலையும் ஆக்களும் வைச்சுத் தொழில் நடத்திறவர். மனுசன் சிவப்புப் பேனையால கரையைக் கீறி, தன்ர பாடு, அதான் வலை வளைக்கிற கரைத்துண்டு, எங்கை தொடங்கி எங்கை முடியுது எண்டு புள்ளடி போட்டு, கீழ கணக்கு எழுதி விட்டிருக்கிறார். ஒற்றையின்ர மூலையில ஒரு மீன் செதிள் ஒட்டிக் காய்ஞ்சிருந்தது. அவர் பிரிச்சது 24ஆல இல்லை, 12ஆல. “ராவில மூடினா எனக்கென்ன, பகலிலதானே மூடுவினம்.” அப்ப 42 நாள். வாடைக்காற்றுக்கு நாலு மாசம் வலை வைக்கேலாது, அதைக் கழி. மிச்சம் எட்டு மாசத்தில ஞாயிறுகளைக் கழி. கிட்டத்தட்ட 208 நாள் தொழில். அதில 42 போனா அஞ்சு நாளுக்கு ஒரு நாள்.

அதுக்குக் கீழ ஒரு கேள்வி: “மூடப்போறம் எண்டு சொல்லி, வலை இழுக்கிற ஆக்களை நான் வீட்டை அனுப்பினாப் பிறகு, இண்டைக்கு விடேல்லை எண்டு சொன்னா அந்த நாள் எந்தக் கணக்கில வரும்?”

நான் முழிச்சன். 21ஓ, 42ஓ, அதுக்கும் கூடவோ? இப்பிடியான அறிக்கையை எந்தப் பக்கத்தில இருந்து வாசிக்கத் தொடங்கிறது? எங்கட நாட்டில எண்டா உந்த ஒற்றையை அவர் ஆரிட்டைக் குடுக்கலாம்? அந்த வேலை செய்த ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ.

சோளகம் எழுதியது:

சேர், நான் கன வருஷம் இப்பிடியான அறிக்கையளுக்குப் பறவை எண்ணிக் குடுத்தவன். அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

எல்லாரும் “தாக்கங்கள்” எண்ட அதிகாரத்திலதான் போய் விழுவினம். அதை விடுங்கோ. முன்னுக்கு “திட்ட விவரணம்” எண்டு நித்திரை வரப்பண்ணிற ஒரு அதிகாரம் இருக்கும். அதைப் பென்சிலோட வாசியுங்கோ. என்ன ராக்கெட், வருஷத்துக்கு எத்தினை, பகலோ இரவோ, என்ன எரிபொருள், தண்ணி எங்கையிருந்து வந்து எங்கை போகுது எண்டதெல்லாம் அதுக்குள்ளதான். பின்னால வாற ஆமை, பறவை, சத்தம் எல்லாம் அந்த எண்களை நம்பித்தான் எழுதப்படுது. அங்கை ஒரு எண் மாறினா பின்னுக்கு எழுதினது செல்லாது.

பொக்கா சிக்காவையே பாருங்கோ. அந்த இடத்துக்கு 2014இல முழு அளவிலான தாக்க அறிக்கை ஒண்டு முடிஞ்சது. அது ஃபால்கன் 9, ஃபால்கன் ஹெவி ராக்கெட்டுகளுக்கு, வருஷத்துக்குக் கூடினது 12 ஏவல். அந்த ராக்கெட் ஒண்டும் அங்கையிருந்து பறக்கேல்லை. வந்தது அடியில 33 இயந்திரம் பூட்டின ஸ்டார்ஷிப். அதுக்குப் புதுசா முழு அறிக்கை எழுதேல்லை, பழசுக்கு மேல சின்ன அளவிலான மதிப்பீடு ஒண்டு செய்தினம். அதுதான் உங்கட பிள்ளையள் வாசிச்ச 2022 அறிக்கை. 75க்கு மேற்பட்ட தணிப்பு நடவடிக்கை செய்தால் “குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை” எண்டு முடிவு. வருஷத்துக்குச் சுற்றுப்பாதை ஏவல் 5. பிறகு 2025 மேயில அந்த 5ஐ 25 ஆக்கினதுக்கும் அதே முடிவு. ஒவ்வொரு படியும் தனியப் பாத்தாச் சின்னப் படிதான். 2014இல கருத்துச் சொல்ல வந்த சனம் எந்த ராக்கெட்டை மனசில வைச்சுக் கதைச்சிருக்கும் எண்டு யோசியுங்கோ.

எங்கட நாட்டிலயும் இந்தச் சின்னது பெரிசு வித்தியாசம் இருக்கு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல வந்த திருத்தத்தோடதான் இந்த நடைமுறை வந்தது. சின்னது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை, பெரிசு சுற்றாடல் தாக்க மதிப்பீடு. பெரிசு எண்டா வர்த்தமானியிலயும் பேப்பரிலயும் மூண்டு மொழியிலயும் அறிவிச்சு, ஊராக்கள் எழுத்தில கருத்துக் குடுக்க 30 நாள் விடோணும். பகிரங்க விசாரணை வைக்கிறதோ இல்லையோ எண்டதைத் திட்டத்துக்கு அனுமதி குடுக்கிற நிறுவனம் தீர்மானிக்கும். ஆகவே சம்மாட்டி அந்த ஒற்றையை அந்த நிறுவனத்திட்டை அந்த 30 நாளுக்குள்ள எழுத்தில குடுக்கோணும். கிழிச்ச ஒற்றை எண்டாலும் பரவாயில்லை. வாயாலை சொன்னது காத்தோட போயிடும்.

ரெண்டாவதாப் பாக்கவேண்டியது, ஆர் எண்ணினது, எந்த மாசத்தில எண்ணினது எண்டு. ஒருக்கா என்னை ஒரு ஆலோசனை நிறுவனம் (பேர் வேண்டாம்) ஒரு கடனீரேரிக்குப் பறவை எண்ண அனுப்பினது ஓகஸ்ட் மாசம். வெளிநாட்டுப் பறவையள் வந்திறங்கிறது ஒக்டோபருக்குப் பிறகெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் முழங்கால் சேத்தில நிண்டு நாலு கொக்கும் ஒரு நாரைக் கூட்டமும் எழுதினன். பின்னேரம் வான்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கீட்டான். அறிக்கையில “பறவைகளின் அடர்த்தி குறைவு” எண்டு வந்தது. எழுதினது பொய்யில்லை, ஓகஸ்ட்டில குறைவுதான். சுண்டிக்குளத்தை மாசியில போய்ப் பாத்தவனுக்கு அந்த வசனம் எப்பிடி இருக்கும்!

இனி உங்கட 21, 42 கதை. அந்த 2022 அறிக்கையில இன்னொரு நிபந்தனை இருக்கு, பிள்ளையள் கவனிச்சினமோ தெரியாது. வார இறுதியில வருஷத்துக்கு 5 தரத்துக்கு மேல மூடக்கூடாது. பெரிய விடுமுறை நாளுகளிலயும் மூடக்கூடாது. டெக்சாஸில அது நல்ல நிபந்தனை, ஏனெண்டா அங்கை கரைக்கு வாற சனம் சனி ஞாயிறிலதான் பிள்ளைகுட்டியோட வருது. அதை மணற்காட்டில கொண்டுவந்து வையுங்கோ. ஞாயிறு பூசை, வலை இல்லை. தொழில் கிழமை நாளில. அப்ப அந்த நிபந்தனை மூடலை எங்கை தள்ளுது? சரியா வலை வைக்கிற நாளுக்கு மேல. அங்கை சனத்தைக் காப்பாத்த எழுதின அதே வரி இஞ்சை தொழிலை அடிக்குது. சம்மாட்டி 12ஆல பிரிச்சது சரி. என்னைக் கேட்டா 42உம் குறைவு. மத்தியானம் மூடினாலும் காலமை வலை வளைக்கேலாது, வலையின்ர மடி கரைக்கு வரமுதல் ஆக்களை எழுப்பிப் போடுவினம்.

ஹூஸ்டன் பனங்காய் எழுதியது:

மாஸ்டர், நான் கைதடி, இப்ப இருக்கிறது டெக்சாஸில. முதலே சொல்லிப்போடுறன், நான் ராக்கெட் விசரன். 2023 ஏப்ரல் 20ஆம் திகதி முதல் ஏவலைப் பாக்கவெண்டு ஆறு மணித்தியாலம் கார் ஓடி போர்ட் இசபெல் பக்கம் போய் நிண்டவன். எழும்பேக்க நெஞ்சுக்கூட்டுக்குள்ள செண்டை அடிச்ச மாதிரி. நான் கத்தின கத்தில மனிசி வெக்கப்பட்டுக் காருக்குள்ள போயிட்டா. கொஞ்சத்தால பாத்தா காரின்ர முன்கண்ணாடியில மண்ணிறத் தூள். விரலால தேய்ச்சன், மா அரிச்ச மாதிரி இல்லை, குறுணி மாதிரி நற நற எண்டது. அது அடித்தளத்துக் கொங்கிறீற்று. ராக்கெட் கிளம்பின வேகத்தில தளத்துக்குக் கீழ பெரிய கிடங்கு விழுந்து, தூள் வடமேற்கால 6.5 மைல் மட்டும் போனது எண்டு அமெரிக்க மீன், வனசீவராசிகள் சேவை பிறகு சொன்னது. உடைஞ்ச துண்டுகள் 385 ஏக்கரில சிதறினது. பக்கத்துப் பூங்கா நிலத்தில 3.5 ஏக்கர் எரிஞ்சது.

எல்லாரும் ராக்கெட் வெடிக்கும் எண்டுதான் பயந்தவை. அது மேல கடலுக்கு மேலதான் வெடிச்சது. கரையில பழுதாக்கினது நிலத்தோட கிடந்த தளம். அடுத்த ஏவலுக்கு முதல் 63 திருத்தம் செய்யச் சொல்லி எஃப்.ஏ.ஏ. கட்டளை போட்டது. அந்த முதல் ஏவலுக்குப் பிறகு தளத்துக்கு அடியால தண்ணி பீச்சியடிக்கிற அமைப்பொண்டும் கட்டிச்சினம். இப்ப கொங்கிறீற்று பறக்கிறேல்லை. ஆனா அந்தத் தண்ணியை உரிய அனுமதி இல்லாமல் வெளியேத்தினது எண்டு 2024இல தண்டமும் வந்தது. ஒண்டுக்கு மருந்து போட இன்னொண்டு கிளம்புது.

நீங்கள் மணற்காட்டில வைச்சுப் பாக்கிறியள் எண்டதால சொல்லுறன், தண்ணிப் பக்கத்தை உங்கட பிள்ளையளைக் கேக்கச் சொல்லுங்கோ. பீச்சியடிக்கிற தண்ணி நல்ல தண்ணி. எங்கட குடாநாட்டில வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளயும் மணலுக்குள்ளயும் இறங்கி நிக்கிறதுதான் தண்ணி. சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்த காலத்தில என்ர அம்மா போத்தில் தண்ணியில சோறு காய்ச்சினவ. ஆனாலும் ஒண்டு, வேலை வந்தது உண்மை. அங்கை பக்கத்து நகரமான பிறவுன்ஸ்வில் பெடியள் வெல்டிங் பழகி நல்லா உழைக்கிறாங்கள். அதையும் கொம்பனிப் பக்கத்துப் பெடியன் சொல்லோணும், அவனை மொக்கனாக்காதேங்கோ.

முனைப் பக்கம் எழுதியது:

எனக்கு உந்த அறிக்கை ஒண்டும் வாசிக்கத் தெரியாது. மகன்தான் இதைத் தட்டித் தாறான். குலசேகரப்பட்டினத்தில இந்தியா கட்டிற தளம் எங்களுக்கு மேலால போகுமோ? கடலில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். மற்றது, கடலுக்கு நேரம் குறிச்சுத் தடை போடுறது எங்களுக்குப் புதுசில்லை. சண்டைக் காலத்தில பாஸ் எடுத்து, எண்ணி இறங்கி எண்ணி ஏறினவங்கள் நாங்கள். அந்த மனுசன் 42 எண்டு எழுதினதை ஆரும் சிரிக்காதேங்கோ.

சோளகம் எழுதியது:

அண்ணை, எங்களுக்கு மேலால இல்லை. குலசேகரப்பட்டினம் திருச்செந்தூருக்குத் தெற்கால, தூத்துக்குடி மாவட்டத்தில இருக்கு. 2024 பெப்ரவரி 28இல அடிக்கல் நாட்டினது. சின்ன ராக்கெட்டுகளை நேர தெற்கால விடுறதுக்குத்தான் அந்த இடம். ஸ்ரீஹரிக்கோட்டாவில இருந்து தெற்கால விட்டா இலங்கைக்கு மேலால போகோணும், அதால இப்ப கடலுக்கால வளைச்சுக் கொண்டுபோகினம். அந்த வளைவுக்கு எரிபொருள் விரயம், சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டாது. எங்களுக்கு மேலால போகக்கூடாது எண்டதுதான் அந்தத் தளம் அங்கை வரக் காரணமே.

ஆனா அங்கத்தைய மீனவருக்கு உங்கட கேள்விதான். ஸ்ரீஹரிக்கோட்டாவில ஏவுற நாளில பக்கத்துப் பழவேற்காட்டு ஆக்களுக்குக் கடலுக்குப் போகாதேங்கோ எண்டு அறிவிப்பு வாறது வழமை. குலசேகரப்பட்டினத்தில இருந்து விடப்போறது திண்ம எரிபொருள் ராக்கெட். அதின்ர புகையில ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கும். தளத்துக்குக் கிட்ட இலையிலயும் தண்ணியிலயும் படியும். அமெரிக்காவில விண்ணோடம் விட்ட காலத்தில தளத்துக்குப் பக்கத்துக் கடனீரேரியில மீன் செத்து மிதந்திருக்கு. தூரத்துக்கு அது வராது, பயப்பிடாதேங்கோ.

வல்லிபுரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சோளகம், ஞாயிற்றுக்கிழமை விசயம் என்ர தலையில குட்டின மாதிரி. நான் இந்த ஊரிலயே பிறந்து வளந்தவன், அந்த வரியை ரெண்டு தரம் வாசிச்சுப் போட்டு, “நல்ல நிபந்தனை” எண்டு பக்கத்தில சரி போட்டு வைச்சிருக்கிறன்.

விசாரணையைத் திருப்பி நடத்தப் போறன். இந்தமுறை அந்தப் பிள்ளையைத் திணைக்களத்துப் பக்கம் போட்டிருக்கு. 21 நாள் எண்ட பெடியன் ஊராக்கள் பக்கம். அவன் இப்பவே முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறான். சம்மாட்டியையும் வரச்சொல்லிக் கேட்டன். வலை வைக்கிற நாளில வரமாட்டாராம், ஞாயிறு பூசை முடிய எண்டா வாறாராம். பள்ளிக்கூடம் ஞாயிறு பூட்டு. அதிபரிட்டைத் திறப்புக் கேக்கோணும்.