மார்சி மலை: கேம்ப் லீவு நாளில் முந்தின ராத்திரியே போறதா, விடிகாலையில கிளம்புறதா?

கூழாங்கல்:
நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைப்பகுதியில சம்மர் கேம்ப் வேலை பார்க்கிறவங்களுக்குப் பெரும்பாலும் 24 மணி நேரம்தான் தொடர்ச்சியா லீவு கிடைக்கும். அதுல மார்சி (1,629 மீட்டர், மாநிலத்திலேயே உயரமானது) ஏறணும்னா ராத்திரியே காட்டுக்குள்ள போயிடணும். லாஜ் (பாதை தொடங்குற இடத்துல இருக்கிற விடுதி) பார்க்கிங்ல இருந்து உச்சிக்கு ஒரு வழி 12 கி.மீ. முதல் 3.7 கி.மீ., மார்சி டேம் வரைக்கும், பெருசா ஏற்றம் இல்ல. ஹெட்லேம்ப் இருந்தா ஒன்றேகால் மணி நேரம். அங்க இருக்கிற லீன்-டூல (முன்பக்கம் திறந்த மரக்கொட்டகை) படுத்து எழுந்தா பாக்கி எட்டு கி.மீ. சொச்சம். பத்து மணிக்குள்ள உச்சி. மதியத்து இடிமழை திரளும்போது மரங்களுக்குக் கீழ இறங்கியிருப்பீங்க.

வரப்பு:
தூரம் குறையலையே, ரெண்டா வெட்டியிருக்கீங்க. அதுக்கு விலை என்னன்னு பாருங்க: ஸ்லீப்பிங் பேக், மேட், ஒரு கிலோ அளவுக்குக் கரடி கேனிஸ்டர் (கரடி கைவைக்காம இருக்கச் சாப்பாட்டை வைக்கிற கெட்டி டப்பா), அதோட ஒரு டென்ட்டும். டென்ட் எதுக்குன்னா, லீன்-டூவுக்கு முன்பதிவு கிடையாது. ராத்திரி பத்து மணிக்குப் போய் அது நிறைஞ்சிருந்தா இருட்டுல இடம் தேடணும். குறியிட்ட இடம் கிடைக்கலைன்னா பாதை, தண்ணி ரெண்டுலேருந்தும் 150 அடி (சுமார் 45 மீட்டர்) தள்ளிப் போகணும். ஹெட்லேம்ப் வெளிச்சத்துல அதை அளக்க முடியாது.

காலை நாலுக்கு எழுந்து ஆறுக்கு நடையைத் தொடங்கினா, தண்ணி, சாப்பாடு, மழைக்கோட்டு, ஒரு ஃப்ளீஸ் போதும். பதினொன்றுக்குள்ள உச்சி.

கூழாங்கல்:
மலை நடைக்கு நேரம் போடுற நெய்ஸ்மித் கணக்கை (5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி) அப்படியே போட்டா நாலு மணி நேரம்தான் வரும். ஆனா அங்க பாதை முழுக்க வேர், உருட்டுக்கல், சேறு. சும்மா இருக்கிறவனுக்கே அஞ்சு ஆகும். வாரம் முழுக்கப் பசங்களோட ஓடினவன் கால் அதுக்கு மேல கேக்கும். அப்படீன்னா உங்க பதினொன்று நழுவும்.

பாசிப்படி:
ரெண்டு பேருமே மாசத்தைச் சொல்லல. ஜூன்ல கருப்பு ஈ கடி அதிகம். அந்த நேரத்துல திறந்த கொட்டகையில தூங்குறது தண்டனை. ஜூலைக்கு அப்புறம்னா கூழாங்கல் சொல்றது ஓரளவு ஒத்துவரும். சேறு எப்பவும் இருக்கும். அதைச் சுத்திப் போகாதீங்க, நடுவுல மிதிச்சுப் போங்க. ஓரமா ஒதுங்கினா பாதை அகலமாகிச் செடி செத்துடும். உச்சியில பாறை மேல மட்டும் கால் வைக்கணும். ஆல்பைன் செடிகள் ஒரு மிதியில போயிடும், திரும்ப வளர வருஷக்கணக்காகும்.

கேம்ப்ல கொடுக்கிற பருத்தி டி-சர்ட்டைப் போட்டுட்டுத்தான் பாதிப்பேர் ஏறுவாங்க. வியர்வையில நனைஞ்சு உச்சிக் காத்துல நின்னா கோடையிலயும் உடம்புச் சூடு இறங்கிடும். மாத்துத்துணி ஒண்ணு உலர்ந்ததா பையில இருக்கணும்.

வரப்பு:
ராத்திரி தங்குறவங்களுக்குச் சேர்த்துச் சொல்றேன். மார்சி இருக்கிற ஹை பீக்ஸ் காட்டோட கிழக்குப் பகுதியில கோடையில கேனிஸ்டர் சட்டப்படி கட்டாயம், சாப்பாட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டா செல்லாது. பேர்வால்ட்ங்கிற கேனிஸ்டர் ரகத்தை அங்க உள்ள கரடிகள் திறந்திருக்கு, அதனால வேற ரகம் வாடகைக்கு எடுங்க. பற்பசை, சன்ஸ்க்ரீன் எல்லாம் உள்ளே. நெருப்பு மூட்டத் தடை. சமைக்க கேஸ் அடுப்புதான். 4,000 அடிக்கு மேல கோடையில டென்ட் போடக்கூடாது. இவ்வளவையும் இரவு வேலை முடிச்சுக் களைச்சு வர்றவன் சரியா செய்வானா?

கூழாங்கல்:
செய்யலாம், மூட்டையை முந்தின நாளே கட்டி வெச்சா. நாலு மணிக்கு எழுந்து கார் ஓட்டி, 24 கி.மீ. நடந்து, திரும்பவும் கார் ஓட்டுறது எந்த வகையில பாதுகாப்பு?

பாசிப்படி:
அப்போ மார்சியே எதுக்கு? அல்கான்குவின் போய்வர 13 கி.மீ.தான், 1,559 மீட்டர், மாநிலத்துல ரெண்டாவது. செங்குத்து அதிகம், ஈரமா இருந்தா வழுக்குப்பாறை. ஆனா ஒரு பகலுக்கு அடங்கும்.

வரப்பு:
அதுக்கும் பார்க்கிங் அதே லாஜ்தான். வார இறுதியில சீக்கிரம் நிறைஞ்சிடும், லீவை வார நடுவுல கேட்டு வாங்குங்க. பாதை தொடக்கத்துல இருக்கிற பதிவேட்டுல பேரும் திரும்புற நேரமும் எழுதிட்டுப் போங்க, உள்ளே சிக்னலை நம்ப முடியாது. மதியம் பன்னிரண்டுக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கேயே திரும்பணும்.

கூழாங்கல்:
பன்னிரண்டுக்கு நான் திரும்பி இறங்கிட்டிருப்பேன்.